கோமதி அக்கா வீட்டு ஆட்டுக்கல்

9-3-68, சனி

வெயில். காற்று சுத்தமாக இல்லை. தகரக்கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் மண்டை காய்கிறது. குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். நாலு குடம் நிறைவதற்குள் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

இது இவர் ஆபீசில் யாரும் தொடாமல் கிடந்த போன வருஷத்து டைரி. கிழமை ஒத்துவராது. அடித்துவிட்டு எழுதுகிறேன். மெயின்லேண்ட் போகிறவரைக்கும் வீட்டு விஷயம் எழுதிக்கொள் என்று கொடுத்தார். என்ன பெரிய வீட்டு விஷயம். கப்பல் வந்தால் வெங்காயம் உண்டு, வராவிட்டால் இல்லை.

பாக்கி வேலை:
இவர் சட்டைக் காலர் நைந்துவிட்டது. பிரித்து, திருப்பித் தைக்க.
சுமதி பாவாடைக்கு மடிப்பை இறக்கிவிட. மூன்றாங்கிளாஸ் போகிறாள், பனைமரம் மாதிரி வளர்கிறாள்.
அரிசி, உளுந்து ஊறப்போட.

சாயங்காலம் ஒரு சேதி. கோமதி அக்கா குடும்பம் ஊருக்கே போகிறதாம். அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். மாசக்கடைசிக் கப்பல். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் மேட்டில் முதல் வீடு அக்காவுடையது. நடுவில் நாங்கள். பள்ளத்தில் கடைசி வீடு பஸ் டிரைவர் பெண்டாட்டி செல்லம்மா. பதினாலு வருஷம் இந்த போர்ட் பிளேரில் இருந்தவர்கள் அக்கா குடும்பம். சேதி கேட்டதும் எனக்கு அக்கா முகம் ஞாபகம் வரவில்லை. ஆட்டுக்கல்தான் வந்தது.

10-3, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு மாவாட்டப் போனேன். எனக்கு முன்னாலேயே செல்லம்மா உட்கார்ந்திருக்கிறாள். குழவியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகல் பாட்டு வேறு. (இனி செ. என்றுதான் எழுதுவேன். அவள் பேரை முழுசாக எழுதி மையை வீணாக்குவானேன்.)

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கப்பலேறி ஒரேயடியாகப் போகிறவர்கள் கனமான சாமானைக் கொண்டுபோவதில்லை. விற்பதும் இல்லை. தண்ணீர் டிரம், அம்மி, கோழிக்கூடை, கறிவேப்பிலைக் கன்று, வாசலில் சேறு மிதிக்கப் போட்ட பலகை வரைக்கும் இருக்கிறவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கோமதி அக்காவுக்கு அந்தக் கல்லைக் கொடுத்தது ஒரு மலையாளத்து டீச்சர். டீச்சருக்கு யார் கொடுத்தார்களோ. உள்ளே குழி வழவழவென்று தேய்ந்து, மாவு வெண்ணெய் மாதிரி வரும். இந்த ஊரில் அப்படி ஒரு கல் வேண்டுமென்றால் மெட்ராசிலிருந்து கப்பலில்தான் வரணும். யார் கொண்டுவருவார்கள்? நாங்கள் வரும்போது இவர்தான் சொன்னார், ரெண்டு வருஷத்துக்குப் போய் ஆட்டுக்கல்லா என்று. ஆச்சு, மூன்று முடியப்போகிறது.

கல் எனக்குத்தான் வரணும். நியாயம் அதுதான். நான் வந்து ஒரு வருஷம் கழித்து வந்தவள் செ. அக்கா என்னை "தங்கச்சி" என்று கூப்பிடுகிறவர்கள்.

ஆட்டி முடித்து கல்லைக் கழுவின தண்ணீரை நான் எப்போதும் சாக்கடையில் ஊற்றுவேன். இன்றைக்கு செ. ஓடிவந்து கீழே ஒரு டின்னை வைத்தாள். "அதக் கீழ ஊத்தாதீங்கக்கா, என் வாத்துக்கு ஆகும்."

கோமதி அக்கா வாசலில் வெற்றிலை மென்றுகொண்டே, "பாத்தியாட்டி? ஒரு சொட்டு வீணாக்க மாட்டா இவ" என்றார்கள்.

எனக்கு என் மாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

12-3, செவ்வாய்

செ. வீட்டில் குப்பைக்கூடையே கிடையாது. இன்றைக்கு உப்பு கேட்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அரிசி களைந்த முதல் தண்ணீர் வாத்துக்கு. இரண்டாவது தண்ணீர் குழம்புக்கு.
குளிக்கிற ஓலை மறைப்பிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால். நேரே வாழைக்கு.
தேங்காய் நார் பாத்திரம் தேய்க்க. சிரட்டை பாதி கரண்டி, பாதி விறகு. எரிந்த சாம்பல் மறுபடி பாத்திரத்துக்கு.
கிழிந்த புடவை மடித்துத் தைத்து விரிப்பு. விரிப்பு கிழிந்தால் கால்மிதி. கால்மிதி கிழிந்தால்? கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒன்று வைத்திருப்பாள்.
மண்ணெண்ணெய் டின்னை நெடுக வெட்டி மிளகாய் நாற்று.
கூரையிலிருந்து மழைத்தண்ணீர் பிடிக்க, மழையே இல்லாத மார்ச் மாசத்தில், இப்போதே தகரத்தை வளைத்துக் கட்டிவைத்திருக்கிறாள்.
பின்னால் ஒரு பலாக்கன்று. முழங்கால் உயரம். காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். யார் சாப்பிட?

வரும்போது ஒரு கிண்ணத்தில் துவையல் கொடுத்துவிட்டாள். இவர் ராத்திரிச் சாப்பாட்டில் சப்புக்கொட்டினார்.

"இது எதுல பண்ணினது? பிரமாதம்."

"வாழைக்காய்த் தோல்ல."

"தோல்லயா! நாம தூக்கிப் போடறதுலயா! உனக்கு ஏன்டி இதெல்லாம் தோண மாட்டேங்குது?"

வயிறு எரிகிறது. துவையலால் இல்லை.

15-3, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். மாசக்கடைசி வரைக்கும் நாள் இருக்கிறது. சிக்கனம்தான் அக்காவுக்குப் பிடிக்கிறது என்றால் நானும் காட்டுகிறேன்.

காலையில் அரிசி களைந்த தண்ணீரைக் கத்திரிச் செடிக்கு ஊற்றினேன். அக்கா பார்க்கிற நேரமாகப் பார்த்து ஊற்றினேன். பார்த்தார்களா தெரியவில்லை.

செடியில் பாதி இலை இல்லை. நத்தை. கைமுஷ்டி அளவு ஒவ்வொன்றும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் கொண்டுவந்து விட்டுப்போனதாம், இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அவன் போய்விட்டான், நத்தை போகவில்லை. இருட்டினால் கிளம்பி வந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுப் போகிறது.

செ. சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என் வாத்த அங்கிட்டு விடவாக்கா? ரெண்டே நாள்ல சுத்தமாக்கிரும்" என்றாள்.

"வேண்டாம்மா. எனக்கு ஒரு வழி தெரியும்."

வழி: கல் உப்பு. எங்கள் ஊரில் தோட்டத்து நத்தைக்கு அதுதான். பாத்தியைச் சுற்றி, செடி அடியில், தாராளமாக ஒரு படி.

நத்தை நுரை தள்ளிச் செத்தது. பார்க்க அருவருப்பு. ஆனால் ஒரு திருப்தி.

19-3, செவ்வாய்

கத்திரி முழுக்கப் போச்சு. இலை சுருண்டு, தண்டு கறுத்து. நத்தை தின்ற செடியாவது மறுபடி துளிர்க்கும். உப்பு தின்ற செடி துளிர்க்காது என்று கோமதி அக்கா வீட்டு அண்ணன் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். மண்ணையே வெட்டிப் போடணுமாம்.

இவர்: "கத்திரிக்கா போட்டேன்னு நினைச்சேன். கருவாடு போட்டிருக்கே."

சிரிப்பு வரவில்லை எனக்கு. அண்ணனுக்கு வந்தது.

செ. வாத்து நாலும் வரிசையாக வேலியோரம் நின்று என் பாத்தியைப் பார்த்தன. அதுகளுக்குக் கூட ஒரு திமிர்.

21-3, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மரத்தூள் அடுப்பு போட்டேன். செ. வைத்திருக்கிறாளே அதே மாதிரி. பெரிய டின், அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றி மரத்தூளை இடித்து இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டால் நடுவில் குழாய் மாதிரி வழி. கீழே ஒரு சுள்ளி பற்றவைத்தால் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நின்று எரியும். விறகும் மிச்சம், மண்ணெண்ணெயும் மிச்சம். மரமில்லில் தூள் சும்மாவே அள்ளிக்கொண்டு வரலாம். இவரை ஒரு சாக்கு அள்ளிவரச் சொன்னேன். கோமதி அக்காவைப் பலகாரத்துக்குக் கூப்பிட்டேன். அடுப்பைப் பார்க்கட்டும் என்றுதான்.

தூளைக் காயவைக்கணும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்கு அறுத்த பச்சை மரத்தின் தூள். முதலில் புகை. பிறகு இன்னும் புகை. பிறகு நடுவழி இடிந்து விழுந்து, வீடு முழுக்க, வரிசை முழுக்க, ஜெட்டி வரைக்கும் தெரிந்திருக்கும். சுமதி வாசலில் நின்று, "ஆக் லக் கயா! ஆக் லக் கயா!" என்று ஊரைக் கூட்டினாள். தமிழில் நெருப்பு என்று சொல்ல வராது அந்தக் கழுதைக்கு.

முதலில் ஓடிவந்தது யார்? செ.தான். கையில் வாளி. துணி அலசின தண்ணீரை வாழைக்கு என்று எடுத்துவைத்திருந்தாளாம். அதை என் அடுப்பில் கொட்டினாள். சோப்பு நுரையோடு அணைந்தது.

கோமதி அக்கா சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார்கள். "ஏட்டி, பலகாரம் எங்க? கண்ணே தெரியலியே!"

செ. சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "தூளக் காய வச்சுட்டு நாளைக்குப் போடுவோம்க்கா, நான் வாரேன்" என்றாள். நல்லவளாக வேறு இருக்கிறாள். ஒரு மனுஷி எத்தனைதான் பொறுப்பது.

24-3, ஞாயிறு

கல் செ.வுக்கு.

அக்கா வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். டிரம் பின்வரிசைத் தெலுங்குக்காரர் வீட்டுக்கு, கோழி ரெண்டு பால்கார பெங்காலி அம்மாவுக்கு, ஆட்டுக்கல் செல்லம்மாவுக்கு. எனக்கு ஒரு வாளி. அடி ஓட்டை. தார் வைத்து அடைத்தது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். இருக்கவில்லை. எல்லோரும் போனபிறகு உள்ளே போய்க் கேட்டேவிட்டேன்.

"நான்தானே அக்கா முதல்ல வந்தேன்?"

அக்கா புடவை மடித்துக்கொண்டிருந்தார்கள். நிமிரவில்லை. "நீதான் முந்தி வந்த. யாரு இல்லன்னு சொன்னா?"

"அப்ப உப்பு போட்டதுக்கா? அந்த அடுப்புக்கா?"

"அய்ய, அதெல்லாம் யாருதான் பண்ணல? நான் வந்த புதுசுல கடல் தண்ணியிலயே சோறு வடிச்சேன், உப்பு மிச்சம்னு. உங்க அண்ணன் மூஞ்சியப் பாத்திருக்கணும்." அப்புறம் மடிப்பதை நிறுத்தினார்கள். "நீ வந்த அன்னையிலருந்து போறேன் போறேன்னுதானட்டி சொல்லுத. உன் வீட்டுல அந்தப் பெட்டி நிக்கே, அதுல ஒரு பலகையத் தொட்டியா நீ? கல்ல உனக்குக் குடுத்தா, இன்னும் ஆறு மாசத்துல நீ யாருக்குக் குடுக்கன்னு முழிச்சிட்டு நிப்ப. எனக்குக் குடுத்த டீச்சரம்மா ஒண்ணுதான் சொன்னா. இருக்கப் போறவளாப் பாத்துக் குடுன்னா."

"அவ மட்டும் இருக்கப் போறாளா? அவளுக்கு ஊர் இல்லயா?"

"பலா வச்சிருக்காள்ளா. பாக்கலியா?"

வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

25-3, திங்கள்

அந்தப் பெட்டியைப் பற்றி. நாங்கள் வரும்போது சாமான் ஏற்றிவந்த மரப்பெட்டி. பக்கத்தில் இவர் தாரால் எழுதின எங்கள் பேர், கப்பலேற்றின இடம் "மெட்ராஸ் ஹார்பர்" என்று பெரிய எழுத்தில். மூடியிலிருந்து எடுத்த ஆணிகளைப் பவுடர் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், திரும்பிப் போகிறபோது அதே ஓட்டையில் அடிக்க. எவர்சில்வர் பாத்திரம் பாதி இன்னும் அதற்குள்தான். கல்யாணப் பட்டுப் புடவையும். இவர் எத்தனையோ தரம் கேட்டார், பலகையைக் கழற்றி அடுக்களைக்கு ஒரு அலமாரி அடிக்கட்டுமா என்று. கூடவே கூடாது என்றுவிட்டேன். மூன்று வருஷமாகச் சமையல் சாமானெல்லாம் தரையில்.

சொல்வதில் என்ன தப்பு? இங்கே யார்தான் சொல்லவில்லை? இவர் ஆபீசில் எல்லோரும் அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்றுதான் பேச்சு. பஜாரில் பார்த்துக்கொண்டால் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள், எப்போது போகிறீர்கள் என்றுதான்.

செ. மட்டும் சொல்வதில்லை. இப்போதுதான் உறைக்கிறது. ஒரு தரம் கூட நான் கேட்டதில்லை.

27-3, புதன்

கல் நகர்ந்தது.

காலையிலேயே தென்னங்கட்டைகள் போட்டு, செ. புருஷன், இவர், இன்னும் ரெண்டு ஆட்கள். வழி எங்கள் வாசல். வேறு வழி கிடையாது. நான் உள்ளேயே இருந்திருப்பேன். சரிவில் கட்டை நழுவி கல் சாயப்போக, இவர் "அடியே, ஓடிவந்து பிடிடி!" என்று கத்தினார். ஓடினேன். ரெண்டு கையாலும் பிடித்தேன். என் வாசலில், என் கையால், என் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லை அவள் வீட்டுக்குத் தள்ளிவிட்டேன். இப்படியும் ஒரு தலைவிதி.

அந்த ஆட்களில் ஒருவன் எனக்கே, "ஹடோ பாபி, பத்தர் ஆதா ஹை" என்றான். கல் வருகிறதாம், நான் விலகணுமாம்.

அங்கே போனதும் செ. ஒரு காரியம் செய்தாள். அடுக்களைக்குள் கொண்டுபோகவில்லை. எங்களுக்கும் அவளுக்கும் நடுவிலிருக்கிற குட்டைச்சுவர் ஓரத்தில் வைக்கச் சொன்னாள். "இங்கிட்டே கெடக்கட்டும். அக்காவும் ஆட்டலாம், நானும் ஆட்டலாம்."

இவர் முகத்தில் அப்படி ஒரு மெச்சுதல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பறித்துக்கொண்டால் சண்டையாவது போடலாம்.

30-3, சனி

ஜெட்டிக்குப் போனோம். கூட்டம். வெயில். கயிறு, பெட்டி, அழுகை, கத்தல். கப்பல் புறப்படும் என்று சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் கழித்து.

கோமதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். கோபத்தில்தான் போனேன், கையை விடத் தோன்றவில்லை. "எல்லாரும் ஊருக்குப் போறியே, குடுத்து வச்சவன்னு சொல்லுதாங்க" என்றார்கள். "அங்க எனக்கு யாரட்டி தெரியும்? எங்க அம்மா செத்தாச்சு. தெருவுல பாதிப் பேர் என்னை யாருன்னு கேப்பாங்க."

அப்புறம் அழுதார்கள். நானும்.

செ.வையும் கட்டிக்கொண்டார்கள். என்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம். நான் பார்த்தேன்.

4-4, வியாழன்

இட்லி கிடையாது, தோசை கிடையாது. வீட்டில் கோதுமைக்கஞ்சி, உப்புமா, மறுபடி உப்புமா. அந்தக் கல்லில் போய் ஆட்டமாட்டேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

காலையும் சாயங்காலமும் சுவருக்கு அந்தப்பக்கம் குழவி உருளும் சத்தம். கடகடகட. அவள் முனகல் பாட்டு. வேண்டுமென்றே செய்கிறாளா? இல்லை. அதுதான் கஷ்டம்.

சுமதி பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான். இட்லி தின்றுவிட்டு, கையை வாத்துக்கு நீட்டிக்காட்டிவிட்டு வருகிறாள்.

"உங்க ஊர் எதுன்னு டீச்சர் கேட்டாங்கம்மா."

"என்ன சொன்னே?"

"ஹம் தோ இதர் கா ஹை, அப்டின்னேன்."

நாங்கள் இங்கேக்காரர்கள் என்கிறாள். பிறந்தது திருச்சி. ஞாபகமே இல்லை அதற்கு.

7-4, ஞாயிறு

மேகம் வருகிறது, பெய்யாமல் போகிறது. குழாய் இன்றைக்கு வரவே இல்லை. தார் அடைத்த வாளிதான் கைகொடுத்தது. சொல்லப்போனால் அது நல்ல வாளி.

உப்பு மண்ணை வெட்டி எடுத்தேன். இவர் கூடை கூடையாகத் தூக்கிக் கீழே சாக்கடை ஓரம் கொட்டினார். முதுகு போச்சு. குளித்த தண்ணீரை அந்தக் குழிக்கு விட்டேன், மிச்ச உப்பு கரையட்டும் என்று. அக்கா இல்லை பார்க்க. சும்மாதான் விட்டேன்.

மத்தியானம் இவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ஆபீஸ்ல டிரான்ஸ்ஃபருக்குப் பேர் கேக்கறாங்க. இந்த மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். இந்தத் தடவை மெட்ராஸ் கிடைச்சாலும் கிடைக்கும். குடுத்துடட்டுமா?"

மூன்று வருஷமாக நான் கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கின விஷயம்.

"சொல்றேன்" என்றேன்.

பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டார்.

10-4, புதன்

கப்பல் வந்துவிட்டது. வெங்காயம்! இவர் ஜெட்டியிலிருந்து பையோடு வந்தார். வீடெல்லாம் வெங்காய வாசனை.

அதே கப்பலில் அக்கா வீட்டுக்குப் புதுக் குடித்தனம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். பெண் பேர் விமலா, கும்பகோணத்துப் பக்கம். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடத்தில் ஒரு மரப்பெட்டி. அவள் குனிந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா அது?"

"போறப்ப வேணுமே, மாமி. ரெண்டே வருஷம்தான். அப்புறம் மெயின்லேண்ட்தான்னு இவர் சத்தியம் பண்ணிருக்கார்."

காது கூசியது. அதே சொல், அதே இழுப்பு.

அப்புறம் கேட்டாளே ஒன்று! "மாவாட்ட இங்க யார் வீட்டுக்குப் போகணும்? கடைசி வீட்டு அக்காகிட்ட கேட்டேன், எப்ப வேணா வான்னாங்க. அவங்கதான் இங்க ரொம்ப நாளா இருக்கிறவங்களா?"

ரொம்ப நாளா இருக்கிறவங்களா! நான் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு மனசு ஆறவே இல்லை இன்னும். ஒரு வருஷம், முழுசாக ஒரு வருஷம் நான் முந்தி வந்தவள். பார்த்தால் தெரியவேண்டாமா? எதை வைத்துத் தெரியும். தரையில் அடுக்கின சாமானை வைத்தா.

13-4, சனி. வருஷப்பிறப்பு

விடியும்போதே மழை. தகரத்தில் சடசடவென்று. செ. வீட்டு டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. முன்யோசனைக்காரி. என் கூரைத் தண்ணீர் வீணாக மண்ணில். ஓடிப்போய் வாளி, குடம், அண்டா, சோற்றுப்பானை எல்லாம் வைத்தேன். சுமதி நடுவில் நின்று நனைந்தாள். திட்டவில்லை.

மாங்காய்ப் பச்சடி வைத்தேன். வேப்பம்பூ மெயின்லேண்டிலிருந்து போன வருஷம் வந்த காய்ந்தது, கடைசிப் பிடி. பஜாரில் பலாச்சுளை கிடைத்தது. கொட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு இவர் படுத்தார். எழுப்பினேன். பெட்டியைக் காட்டினேன்.

"இதைப் பிரிங்க."

"எது?"

"பெட்டியைத்தான். பலகை பலகையா."

எழுந்து உட்கார்ந்தார். "பட்டுப்புடவை உள்ள இருக்கு."

"எடுத்துட்டேன்."

"டிரான்ஸ்ஃபர்?"

"பேர் குடுக்க வேண்டாம்."

இவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு சுத்தியலைத் தேடிப் போனார். போகும்போது சீட்டி அடித்தார். கல்யாணமானதிலிருந்து இவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. இங்கேயே இருக்கலாம் என்று எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாரோ, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நல்ல பலகை அடுக்களைக்கு அலமாரி. மிச்சம் வாத்துக்கூடு, நானும் வளர்க்கப் போகிறேன். பவுடர் டின்னிலிருந்த ஆணி சரியாகப் போதுமானதாக இருந்தது. "மெட்ராஸ் ஹார்பர்" கூட்டுக்குக் கூரையாகத் தலைகீழாகப் போய்விட்டது.

சுத்தியல் சத்தம் கேட்டு செ. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தலையில் சாக்கு, முகமெல்லாம் மழை.

"என்னங்கக்கா, பெட்டிய ஒடச்சுட்டீங்க! அங்கிட்டுப் போறப்ப சாமானெல்லாம் எதுல கட்டுவீங்க?"

"யாரு போறா?" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது.

அவள் என்னையே பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். அப்புறம், "உளுந்து ஊறிருச்சு. உங்களுதும் இருந்தாக் கொண்டாங்க, ஒண்ணா ஆட்டிருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

கொண்டுபோனேன். அவள் தள்ளிவிட்டாள், நான் ஆட்டினேன். கல் கழுவின தண்ணீரைப் பாதி டின் அவளுக்கு, பாதி எனக்கு என்று நானே பிரித்தேன்.

14-4, ஞாயிறு

மழை விடவில்லை. துணி காயவில்லை. இட்லி. இவர் எத்தனை தின்றார் என்று எண்ணவில்லை, கண்பட்டுவிடும்.

செ. வாத்துக்குஞ்சு ரெண்டு கொடுத்தாள். அவளிடம் பெரிய வாத்தே நாலு இருக்கிறது. ரெண்டுதான் கொடுத்தாள்.

கூட்டுக்குக் கதவு வைக்கச் சொல்லணும். அவள் கூட்டுக்குக் கதவு கிடையாது.

உப்பு வெட்டின குழிக்குப் பக்கத்தில், நல்ல மண்ணாகப் பார்த்து, பலாக்கொட்டை மூன்று நட்டேன். அவள் கன்று முழங்காலைத் தாண்டிவிட்டது. அதை முந்தணும். நேரம் இருக்கிறது.